வேலையை விட்டுவிட்டு எழுத்து, வாசிப்பு, தோட்டம், சின்னச் சின்னப் பயணம் என்று வாழ்ந்துவிட முடியுமா?

கேட்டவருக்கு நாற்பத்தைந்து வயது தாண்டியிருக்கும், வீட்டுப் பரணில் பாதி எழுதிய நாவல் ஒன்று கிடக்கும், ஆபீஸில் யாரோ ஒருவர் உங்களை விடச் சின்னவர் மேலே ஏறி உட்கார்ந்திருப்பார் என்று நானாகவே முடிவுகட்டிக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். 2018 வரைக்கும் நான் அப்படித்தான் இருந்தேன், அதனால் இந்தக் கேள்வியை வேறு மாதிரி ஆள் கேட்பதாக நினைக்க வரவில்லை.

பதில் எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. போன மாதம் ஒரு வளைகாப்பு வீட்டுப் பந்தியில் என் மச்சினன் நாலு பேர் கேட்கச் சொன்னான்: "அத்தானுக்கு என்ன கொறை? காலையில புடலங்காய், மத்தியானம் புஸ்தகம், சாயங்காலம் ஊர்சுத்தல். ஜமீன் வாழ்க்கைல்லா!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இலையில் இருந்த அவியல் அதற்கப்புறம் இறங்கவில்லை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பத்தொன்பது வருடம் கணக்கு எழுதினேன். (வெளியூர்க்காரர்களுக்கு: இங்கே தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான்.) மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. வீட்டில் உலை கொதிப்பது அவர் சம்பளத்தில். "பொண்டாட்டி சம்பளத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டு இலக்கியம் பேசுகிறான்" என்று எழுத விரல் துடிப்பவர்கள் எழுதிக்கொள்ளலாம், உண்மைதான். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வேலையை விட்டேன். இரண்டு வருடம் கெடு வாங்கினேன். கெடு முடிந்து எத்தனையோ நாளாகிறது. அவரும் ஞாபகப்படுத்தவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

என் சிறுகதைத் தொகுப்பின் விலை 200 ரூபாய். ராயல்டி பத்து சதவீதம், அதாவது பிரதிக்கு 20 ரூபாய். அச்சடித்தது 300. அத்தனையும் விற்றாலே 6,000 ரூபாய்தான். மூன்று வருடத்தில் 170 சொச்சம் விற்றதாகப் பதிப்பாளர் சொன்னார். நம்பினேன், நம்பாமல் என்ன செய்ய. தீப்பெட்டி பதினான்கு வருடம் ஒரு ரூபாய்க்கே விற்று, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. நம் தொழிலைப் போல அசையாத விலை உலகத்தில் கிடையாது என்று அந்தக் காலத்தில் முதலாளி புலம்புவார். அவர் சிறுகதைக்குச் சன்மானம் வாங்கியதில்லை. எனக்குக் கையில் காசு தருவது மெய்ப்புத் திருத்தம்தான், பக்கத்துக்கு 15 ரூபாய். ஜோதிடம், சுயமுன்னேற்றம், முன்னாள் அதிகாரிகளின் வாழ்க்கை வரலாறு என்று எது வந்தாலும் ஒற்றுப்பிழை பார்க்கிறேன்.

சரி, அந்த ஜமீன் வாழ்க்கைக்கு வருகிறேன்.

வேலையை விட்டு முதல் மூன்று மாதம் ஒரு வரி எழுதவில்லை. மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற நெருக்கடியில், லாரி ரசீதின் பின்பக்கத்தில் கதை எழுதியவன் நான். ஒரு முழுநாளும் மேசையும் கிடைத்தவுடன் கை ஓடவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் ஆகாது என்று ஒரு செவ்வாய்க்கிழமை புளியோதரைப் பொட்டலமும் நோட்டும் எடுத்துக்கொண்டு கழுகுமலைக்குப் பஸ் ஏறினேன். இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். வெட்டுவான் கோயில் எதிரே பாறை நிழலில் உட்கார்ந்து நாவலின் முதல் அத்தியாயத்தை எழுதிவிட்டுத்தான் இறங்குவது என்று வைராக்கியம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை அது. கல் அடுக்கிக் கட்டியதல்ல. மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து, கோயிலை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை வெட்டி எடுத்திருக்கிறார்கள். மேலே சிகரம், பூதகணங்கள், சிங்கங்கள் எல்லாம் முடிந்திருக்கின்றன. கீழே இறங்க இறங்க உளி நின்றுவிட்டது, அடிப்பகுதி முடியாமலே நிற்கிறது. தெற்குப் பக்கத்தில் தட்சிணாமூர்த்தி இருக்கிறார். வழக்கமாக ஆலமரத்தடியில் சின்முத்திரை காட்டிப் பாடம் நடத்துகிறவர், இங்கே மிருதங்கம் வாசிக்கிறார். நான் பார்த்த வாத்தியார்களில் சந்தோஷமாக இருக்கிற ஒரே வாத்தியார்.

நோட்டைப் பிரித்து 'அத்தியாயம் 1' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அதற்குள் ஒரு பள்ளிக்கூடச் சுற்றுலா வந்துவிட்டது. ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ, நாற்பது பிள்ளைகள் இருக்கும். கூட வந்த ஆசிரியர் என் நோட்டையும் கண்ணாடியையும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க கைடா? பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார். கைடு இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மிருதங்கத்தைக் காட்டினேன். அந்தப் பக்கம் சமணச் சிற்பங்கள் இருக்கும் பாறைக்குக் கூட்டிப்போய், வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரர்களையும் அடியில் இருக்கும் வட்டெழுத்தையும் காட்டினேன். அந்த எழுத்தில் இருப்பது சிற்பத்தைச் செய்ய வைத்தவர்கள் பெயர் என்றதும் ஒரு பெண்பிள்ளை, "அப்ப செதுக்குனவங்க பேரு எங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

திரும்பி வந்து, கோயில் ஏன் பாதியில் நிற்கிறது என்பதற்கு ஊரில் வழங்கும் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அப்பன் சிற்பி, மகன் சிற்பி, போட்டி, கோபம். கதை உச்சத்துக்கு வரும்போது பின்வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான்: "காசு குடுத்திருக்க மாட்டாங்க சார்."

ஆசிரியர் அவனை அதட்டினார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ விளக்கம் படித்திருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

போகும்போது அந்த ஆசிரியர் என் சட்டைப் பையில் 100 ரூபாய்த் தாள் ஒன்றைத் திணித்தார். வேண்டாம் என்றேன், ஆனால் வேண்டாம் என்று சொன்ன குரல் எனக்கே கேட்கவில்லை. ஐந்து புத்தகம் விற்றால் வருகிற ராயல்டி, முக்கால் மணி நேரத்தில். அந்த மாதம் என் மொத்த வருமானமும் அதுதான். வீட்டில் சொன்னபோது மனைவி, "அங்கேயே ஒரு குடையை விரிச்சு உக்காந்திருக்கலாமே" என்றார். கிண்டலா யோசனையா என்று இன்றுவரை தெரியவில்லை. முடியாத கோயிலையும் முடியாத நாவலையும் சேர்த்து அன்று ராத்திரி ஒரு பக்கம் எழுதினேன். காலையில் படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப்போட்டேன். யாராக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

தோட்டம் என்கிறீர்களே, அது கொல்லைப்புறத்தில் ஒன்றரை சென்ட். கரிசல் மண். மழைக்கு உளை, வெயிலுக்கு வெடிப்பு, நடுவில் பத்து நாள் மண்ணாக இருக்கும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று எல்லோரும் சொல்கிறார்களே, எங்கள் மானாவாரிக் காட்டில் புரட்டாசியில்தான் விதைப்பு. ஆற்றுப் பாய்ச்சல்காரன் சொன்ன பழமொழியைக் கரிசல்காரன் தலையில் கட்டினால் விதைதான் போகும். நான் குழாய்த் தண்ணீரை நம்பி ஆடியில் புடலை போடுகிறேன். அது சீவலப்பேரியிலிருந்து வருகிற தாமிரபரணித் தண்ணீர். வருகிற நாளில் குடத்தில் பிடித்தது போக மீதிதான் புடலைக்கு. அதனால் பாத்திரம் கழுவிய தண்ணீரும் பந்தலடிக்கே போகிறது.

பிஞ்சு விரல்நீளம் வந்ததும் நுனியில் நூல்கட்டிச் சின்னக் கல் தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் காய் சுருண்டு மாட்டுக்கொம்பு மாதிரி ஆகிவிடும். கல் கனத்தால் பிஞ்சு அறுந்துவிடும், கல் பற்றாவிட்டால் அது பாட்டுக்குச் சுருளும். இதற்கென்று ஒரு டப்பாவில் கல் சேர்த்து வைத்திருக்கிறேன். அப்புறம் பழ ஈ. பிஞ்சில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, அதில் பிசின், நான்கு நாளில் உள்ளே புழு. கருவாட்டுப் பொறி வைக்கச் சொன்னார்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டு, கருவாட்டுத் தூளை நனைத்து உள்ளே வைத்துப் பந்தலில் கட்டுவது. ஈ வந்தது. தெருப் பூனைகளும் வந்தன. பக்கத்து வீட்டு அக்கா மூன்றாம் நாள் சுவர்மேல் எட்டிப் பார்த்து, "தம்பி, கதை எழுதுதீகளா, கருவாட்டுக் கடை வச்சிருக்கீகளா?" என்றார்.

சமையல் என் பொறுப்பு. மனைவி எட்டேகாலுக்குப் பஸ் பிடிக்க வேண்டும் என்பதால் ஏழரைக்குள் சாப்பாடு டப்பாவில் இருக்க வேண்டும். அதனால் ஐந்திலிருந்து ஆறரை வரைதான் எழுத்து. அடுப்பு காத்திருக்கிறது என்ற பயத்தில்தான் மறுபடி கை ஓடத் தொடங்கியது. அந்த ஒன்றரை மணி நேரம் போக மீதி நாளில் எழுதியது எதுவும் உருப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிதானமாக உளுந்தஞ்சோறு. அரிசி இரண்டு பங்கு, வறுத்த தொலி உளுந்து ஒரு பங்கு, உரித்த பூண்டு தாராளமாக, கொஞ்சம் வெந்தயம், ஒரு மூடித் தேங்காய்த் துருவல். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல், மேலே நல்லெண்ணெய். உளுந்தின் தொலியைக் கழுவி எடுத்துவிட்டு வெள்ளையாகப் பொங்குகிறவர்கள் பொங்கலாம், அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளட்டும்.

வாசிப்புக்குப் பெரும்பாலும் நூலகம். வீட்டு வரியில் நூற்றுக்குப் பத்து ரூபாய் நூலக வரி கட்டுகிறோம், அதைப் போய் உட்கார்ந்து வசூல் செய்கிறேன். வெளியூர்ப் பயணம் என்றால் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய் வருகிற இடம்தான். எட்டயபுரம், கழுகுமலை, இடைசெவல். இடைசெவலுக்கு வருடத்தில் மூன்று தடவையாவது போவேன். எழுத்தாளர்கள் கி.ரா.வும் (கி. ராஜநாராயணன்) கு.அழகிரிசாமியும் அந்த ஒரே ஊரில் பிறந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். இரண்டு பேருமே சாகித்திய அகாதமி பரிசு பெற்றவர்கள், அழகிரிசாமிக்கு 1970-இல் இறந்த பிறகுதான் கொடுத்தார்கள். கி.ரா. சம்சாரி (எங்கள் பக்கம் விவசாயியை அப்படித்தான் சொல்வோம்). அழகிரிசாமி பத்திரப் பதிவு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து, அப்புறம் பத்திரிகை வேலைக்குப் போனவர். இரண்டு பேரும் வேறு பிழைப்பு பார்த்துக்கொண்டே எழுதியவர்கள் என்பதை நான் வேலையை விட்ட பிறகுதான் கவனித்தேன்.

இதைச் சொல்ல வந்த இடத்தில் இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இலக்கியக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். போகிறோம். பஸ்ஸுக்குப் போக வர நம் காசு. பேசி முடித்ததும் ஒரு பொன்னாடை. என் பீரோவில் நாற்பதுக்கு மேல் கிடக்கின்றன. உடம்பு துடைத்தால் தண்ணீரை இழுக்காது. ஜரிகை குத்தும், போர்த்தவும் முடியாது. அடுத்தவருக்குப் போட்டுவிடலாம் என்றால் அவரிடமும் நாற்பது இருக்கிறது. ஒரு தடவை தென்காசிப் பக்கம் ஒரு கூட்டத்தில் எனக்குப் போட்ட பொன்னாடையின் மடிப்பில், அதற்கு முன்னால் வேறு யாருக்கோ போட்டபோது விழுந்த ரோஜா இதழ் காய்ந்து ஒட்டியிருந்தது. அந்தத் துணிக்கான காசைக் கையில் கொடுத்தால் பஸ் செலவாவது மிஞ்சும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "எழுத்தாளர் இப்படிக் காசு காசுன்னு கேக்கலாமா?" என்றார் அமைப்பாளர். அவர் வட்டிக்கடை வைத்திருக்கிறார். (எல்லா அமைப்பாளர்களையும் சொல்லவில்லை. வழிச்செலவு கொடுத்து, வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறும் போட்டு அனுப்பியவர்கள் உண்டு, அவர்கள் கோபிக்க வேண்டாம்.) பொன்னாடைகளுக்கு இப்போது ஒரு வேலை கண்டுபிடித்திருக்கிறேன். சித்திரை வெயிலில் கீரைப் பாத்திக்கு மேல் நான்கு குச்சி நட்டுக் கட்டினால் நல்ல நிழல். கனத்த சுரைக்காயைப் பந்தலில் தொட்டில் கட்டித் தாங்கவும் ஆகும். ஜரிகை மினுங்குவதால் குருவி கிட்டே வருவதில்லை என்று ஒரு லாபமும் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீட்டில் இன்னொரு சம்பளம் இல்லையென்றால் வேலையை விடாதீர்கள். இருந்தாலும், விடுவதற்கு முன்னால் ஆறு மாதம் காலை ஐந்து மணிக்கு எழுந்து எழுதிப் பாருங்கள். ஆபீஸ் இருக்கும்போது அந்த ஒன்றரை மணி நேரம் கைகூடாதவருக்கு ஆபீஸ் இல்லாதபோது கைகூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் விஷயத்தில் அப்படி. உங்களுக்கு வேறு மாதிரி அமையலாம், அப்படி அமைந்தால் இங்கே வந்து என்னைத் திட்டவும்.

புடலைக்கு வேலையை விட வேண்டியதில்லை, மாடி இருந்தால் போதும். பந்தலில் ஒரு காயை விதைக்கென்று முற்ற விட்டிருக்கிறேன், இப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருக்கிறது. பழ ஈ விட்டுவைத்தால் தைப்பட்டத்துக்கு விதை இருக்கும். வேண்டுமென்றால் சொல்லுங்கள், கவரில் போட்டு அனுப்புகிறேன். தபால் செலவு மட்டும் உங்களுடையது.