பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பிரிவு எடுத்திருக்கிறாள். தமிழ் வழி. வீட்டில் கணினி இல்லை, ஒரு செல்போன் மட்டும்தான். முதல் பாடங்களிலேயே மிரண்டுபோய் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்கிறாள். இப்போதே வெளியே பைதான் வகுப்பில் சேர்த்துவிடலாமா? அடிப்படை வர வேறு வழி உண்டா?

பதில்:

வணக்கம். நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணினி அறிவியல் ஆசிரியர். உங்கள் மகளைப் போல, பத்தாம் வகுப்பு வரை கணினியைத் தொடாமல் வரும் பிள்ளைகள்தான் ஆண்டுதோறும் என் வகுப்பில் அதிகம். அதனால் நேரடியாகவே சொல்கிறேன்: பைதான் வகுப்பு இப்போது வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றில் சி பிளஸ் பிளஸ் என்ற நிரல் மொழி, பன்னிரண்டில்தான் பைதான் என்ற நிரல் மொழி. அதற்கெல்லாம் முன்னால் அவள் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கணினிக்குள் எல்லாமே எண்ணாகத்தான் இருக்கிறது என்பதைத் தன் கையால் போட்டுப் பார்த்து நம்ப வேண்டும். அதற்கு நோட்டும் பென்சிலும் போதும். வீட்டில் கணினி இல்லையே என்று முதல் பருவத்தில் நீங்கள் வருந்தவே தேவையில்லை.

அவள் மிரள்வது அனேகமாக எண் முறைகள் பாடத்தில்தான் இருக்கும். இரண்டால் வகு, மீதியை எழுது, கீழிருந்து மேலாகப் படி என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். விடை வருகிறது, ஆனால் ஏன் வருகிறது என்று தெரிவதில்லை. அவளை ஒரு மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 1, 2, 4, 8, 16 என்று ஐந்து எடைக்கற்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று. இவற்றை வைத்து 1 முதல் 31 வரை எந்த எடையையும் நிறுத்துவிடலாம். 13 வேண்டுமா? 8, 4, 1 என மூன்று கற்கள். கல்லை வைத்தால் 1, வைக்காவிட்டால் 0. பெரிய கல்லிலிருந்து எழுதிக்கொண்டு வந்தால் 01101. பைனரி எனப்படும் இரும எண் இவ்வளவுதான். கற்களை எட்டாக்கினால் கடைசிக் கல் 128. எல்லாவற்றையும் வைத்துக் கூட்டினால் 255. எட்டு இரும இலக்கங்களின் தொகுப்பான ஒரு பைட்டில் ஏன் 255-க்கு மேல் அடங்காது என்று அதன் பிறகு அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எண் கைக்கு வந்ததும் எழுத்துக்குப் போகலாம். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஓர் அட்டவணை வேண்டும். அவற்றில் ஒன்று ஆஸ்கி. அதில் ஆங்கிலத்தின் முதல் எழுத்துக்குப் பெரிய வடிவில் 65, சிறிய வடிவில் 97. இரண்டையும் இரும எண்ணாக மாற்றச் சொல்லுங்கள்: 01000001, 01100001. மாறியிருப்பது ஒரே இடம், 32-இன் இடம். மற்ற 25 எழுத்துகளிலும் பெரியதற்கும் சிறியதற்கும் இதே ஓரிட வேறுபாடுதான். இதைத் தானாகக் கண்டுபிடிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் விடையை முன்கூட்டிச் சொல்வதில்லை.

தமிழ் எழுத்தில்தான் வகுப்பில் அதிக நேரம் நிற்பேன். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யுனிகோடு அட்டவணையில் 'க' என்ற எழுத்தின் எண் 2965. இரும எண்ணில் 101110010101. பன்னிரண்டு இலக்கம், எட்டு இலக்கமுள்ள ஒரு பைட்டுக்குள் அடங்காது. இணையத்தில் பெரும்பாலும் பயன்படும் யுடிஎஃப்-8 முறை அதை 224, 174, 149 என்று மூன்று பைட்டுகளாகப் பிரித்து வைக்கிறது. இப்போது 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது மூன்று எழுத்து. கணினியில் ஐந்து எண்கள்: த 2980, ம 2990, இகரக் கொக்கி 3007, ழ 2996, புள்ளி 3021. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் பதினைந்து பைட். அடுத்த ஆண்டு பைதானில் இந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று விடை வரும். காரணம் தெரியாத பிள்ளை நிரல் பிழை என்று நினைக்கும். உங்கள் மகள் அப்படி நினைக்க மாட்டாள்.

பழைய அச்சகக் கோப்பு ஒன்றை வேறு கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் புரியாத ஐரோப்பியக் குறிகளாகக் கொட்டுவதை நீங்களும் பார்த்திருக்கலாம். கோப்பு கெட்டுப்போகவில்லை. உள்ளே எண்கள் அப்படியே இருக்கின்றன. எழுதியபோது பயன்பட்ட அட்டவணை இந்தக் கணினியில் இல்லை. யுனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு அட்டவணை வைத்திருந்த காலத்தின் மிச்சம் அது.

பின்னங்களுக்கு நம் பழைய கணக்கே துணைக்கு வருகிறது. அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்று ஒவ்வொன்றும் முன்னதில் பாதி. கணினியின் இருமப் பின்னங்களும் அச்சு அசலாக இதே வரிசை. முக்கால் என்பது அரையும் காலும், அதாவது இரும முறையில் 0.11. இனி பத்தில் ஒரு பங்கை இந்த வரிசையிலிருந்து ஆக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அரை பெரிது, கால் பெரிது, அரைக்கால் 0.125, அதுவும் பெரிது. வீசம் 0.0625 அடங்கும், மீதி 0.0375. அரைவீசம் 0.03125 அடங்கும், மீதி 0.00625. எவ்வளவு தூரம் போனாலும் மீதி தீராது. அதனால் கணினி ஓர் இடத்தில் நிறுத்திக்கொள்கிறது. பைதானில் 0.1 + 0.2 என்று கொடுத்தால் 0.30000000000000004 என்று காட்டுவதற்குக் காரணம் இதுதான். பணக் கணக்கு எழுதும் நிரலாளர்கள் ரூபாயைப் பின்னமாக வைக்காமல் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொள்வதுண்டு. அதன் தேவையும் இங்கே விளங்கிவிடும்.

0, 1 என்ற உள்ளீடுகளைப் பெற்று 0 அல்லது 1 என விடை தரும் சிறு சுற்றுகளான லாஜிக் கேட் பாடத்தை அட்டவணையாகவே படித்தால் இரண்டு நாளில் மறந்துபோகும். ஒரே கம்பியில் அடுத்தடுத்து இரண்டு சுவிட்ச் இருந்தால், இரண்டையும் போட்டால்தான் விளக்கு எரியும். அது அண்ட் கேட். இரண்டு சுவிட்சும் இணையாக இருந்தால் ஏதாவது ஒன்றைப் போட்டாலே எரியும். அது ஆர் கேட். மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் இருக்கும். எதை மாற்றினாலும் விளக்கின் நிலை மாறும். அது எக்ஸ்-ஆர் கேட். ஒற்றை இலக்க இரும எண்கள் இரண்டைக் கூட்டினால் வரும் விடையின் கடைசி இலக்கம் எக்ஸ்-ஆர் தருவது. அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும் 1 அண்ட் தருவது. நான்கு வகைக் கூட்டலையும் எழுதிச் சரிபார்க்கட்டும். சுவிட்சுகளைக் கொண்டு கணக்குப் போட முடியும் என்பது இந்த நான்கு வரியில் நிரூபணமாகிவிடுகிறது. கணித அறிஞர் ஜார்ஜ் பூலின் தர்க்க இயற்கணிதம், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளான ரிலேக்களின் சுற்றுகளுக்கு அப்படியே பொருந்தும் என்று 1937-இல் தன் முதுகலை ஆய்வேட்டில் காட்டியவர் கிளாட் ஷானன். அப்போது அவருக்கு வயது 21. இதைப் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்வேன்.

கணினியின் தலைமுறைகளுக்கு ஒரு மாலைப் பொழுது போதும். தேர்வுக்காக ஆண்டுகளைப் படித்துக்கொள்ளட்டும், தவறில்லை. ஆனால் அதில் உயிரான செய்தி ஒன்றுதான். 1946-இல் உலகுக்கு அறிமுகமான எனியாக் என்ற கணினியில், சுவிட்ச் போல வேலை செய்யும் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அதற்கு வேறு வகைக் கணக்கு கொடுக்க வேண்டுமென்றால் கம்பிகளைப் பிடுங்கி வேறிடத்தில் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி வைக்க வேண்டும். தரவைப் போலவே நிரலையும் நினைவகத்தில் எண்களாக வைத்துவிடலாம் என்ற கருத்து 1945-இல் கணித அறிஞர் ஜான் வான் நியூமன் எழுதிய அறிக்கையின் வழியே பரவியது. மையச் செயலகம் நினைவகத்திலிருந்து ஒரு கட்டளையை எடுக்கிறது, அது என்னவென்று பார்க்கிறது, செய்கிறது, அடுத்ததை எடுக்கிறது. அவள் கையிலிருக்கும் செல்போனும் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

செல்போனை வைத்தே இன்னொரு கணக்கும் போடலாம். 4000-க்கு 3000 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட் என்றால் 3 கோடியே 60 லட்சம் பைட். ஆனால் கோப்பின் அளவைப் பார்த்தால் அதைவிட மிகக் குறைவாக இருக்கும். ஜேபெக் போன்ற சுருக்கும் முறைகள் எதற்கு என்ற கேள்வி அவளுக்கே எழும்.

வழிமுறைகள், அதாவது அல்காரிதம் பகுதிக்கு வரும்போது ஒரே ஒரு பழக்கத்தை வற்புறுத்துங்கள். நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வரியும் ஓடிய பிறகு ஒவ்வொரு மாறியிலும் (ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயரிட்ட இடம்) என்ன மதிப்பு இருக்கிறது என்று எழுத வேண்டும். 'எண் = எண் + 1' என்ற வரியைப் பார்த்ததும் கணக்கில் நன்றாக வரும் பிள்ளைகள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். கணிதத்தில் அது பொருந்தாத சமன்பாடு. நிரலில் அது ஒரு கட்டளை: வலப்பக்கத்தைக் கணக்கிட்டு, வந்த விடையை இடப்பக்கத்துப் பெயரில் வை. கட்டம் போட்டால் இந்தக் குழப்பம் ஒரே நாளில் தீர்ந்துவிடும். பயிற்சிக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கில் அவள் ஏற்கெனவே படித்த யூக்ளிட் வழிமுறையையே எடுத்துக்கொள்ளலாம். 48, 18 என்ற எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் காண வேண்டும். 48-ஐ 18-ஆல் வகுத்தால் மீதி 12. 18-ஐ 12-ஆல் வகுத்தால் மீதி 6. 12-ஐ 6-ஆல் வகுத்தால் மீதி 0. விடை 6. அல்காரிதம் என்ற பெயரைக் கேட்காமலேயே அவள் ஒன்றைக் கற்றுவிட்டாள் என்று அவளிடம் சொல்லுங்கள். அந்தத் தைரியம் அவளுக்கு இப்போது தேவை.

தமிழ் வழி என்பதற்காக அஞ்ச வேண்டாம். பாடத்தைத் தமிழில் யோசிப்பது அவளுக்குப் பலம். ஆனால் நிரலை ஓட்டும்போது பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில்தான் வரும். எனவே நோட்டின் கடைசிப் பக்கங்களில் கலைச்சொற்களை இரு மொழியிலும் பக்கத்துப் பக்கமாக எழுதிக்கொண்டே வரட்டும். ஆய்வகத்தில் இரண்டு மூன்று பேருக்கு ஒரு கணினி இருந்தால், தட்டச்சு செய்வது எப்போதும் வேறொருவராக இருந்துவிடக் கூடாது. கூச்சப்படாமல் தன் முறையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஆசிரியரிடம் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லலாம். பெண் பிள்ளைகள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே ஓராண்டைக் கழித்துவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும்.

பைதானை அரையாண்டு விடுமுறையில் தொடங்கட்டும். செல்போன் உலாவியிலேயே அதை ஓட்டிப் பார்க்க இலவச வசதிகள் இருக்கின்றன. கட்டணம் கட்டி எங்கும் சேர வேண்டியதில்லை. முதல் வேலையாக அந்த யூக்ளிட் கணக்கையே நிரலாக எழுதி, 48, 18 கொடுத்தால் 6 வருகிறதா என்று பார்க்கட்டும். வந்ததும் எண்களை 18, 48 என்று இடம் மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். விடை அதேதான், ஆனால் ஒரு சுற்று கூடுதலாக ஓடும். ஏன் என்பதை நோட்டில் கட்டம் போட்டு அவளே கண்டுபிடிக்கட்டும்.