மகள் எழுதிய கட்டுரையைக் கிழித்துவிட்டேன்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஆண்டு மலருக்காக 'என் வாழ்வின் மகிழ்ச்சியான நாட்கள்' என்று கட்டுரை கேட்டார்களாம். அவள் எழுதியது கொரோனா ஊரடங்கைப் பற்றி. அப்பா எப்போதும் வீட்டில் இருந்தது, விடியற்காலையில் அவரோடு ரப்பர் தோட்டத்துக்குப் போனது, ஒட்டுப்பாலை உருட்டிப் பந்து செய்தது, ஆளில்லாத ரோட்டில் சைக்கிள் பழகியது, மரச்சீனிக் கிழங்கு அவித்துத் தின்றது என்று மூன்று பக்கம். நடுவில் ஒரு வரி: "அம்மா அடிக்கடி போனை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போவாள். திரும்பி வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பாள்."

எனக்கு அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று எனக்குத்தான் தெரியும். என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்த்தவர். 2020 பிப்ரவரியில் 45 நாள் லீவில் வந்தார். விமானம் நின்றது, திரும்பிப் போக முடியவில்லை, வேலை போனது. பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போனார். என் சங்கிலி அடகுக்குப் போனது. ஏப்ரல் கடைசியில் கேரளத்துப் பாறசாலையில் என் அம்மா நெஞ்சுவலியில் இறந்துபோனார். அண்ணன் போனில் சொன்ன சேதி கேட்டு, எல்லையில் உள்ள களியக்காவிளை செக்போஸ்ட் வரை போய் நான்கு மணி நேரம் நின்றேன். பாஸ் கிடைக்கவில்லை. அம்மாவை வீட்டு விளையிலேயே, அதாவது வீட்டுத் தோட்டத்திலேயே, எரித்தார்கள். வீடியோ காலில் பார்த்தேன். பிள்ளை பயந்துவிடுவாள் என்று அவள் முன்னால் நான் அழவே இல்லை.

கட்டுரையைப் படித்ததும் எனக்கு என்ன ஆனதோ, "உன் பாட்டி செத்ததுதான் உனக்குச் சந்தோஷமா?" என்று கேட்டுத் தாளைக் கிழித்துவிட்டேன். இரண்டு வாரமாக அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கட்டுரையும் கொடுக்கவில்லை. நான் செய்தது தப்பா? நான் பட்ட கஷ்டத்தை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மார்த்தாண்டம் அருகே

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கிழித்தது தப்புதான். நேராகக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். இதற்காக உங்களைக் கெட்ட அம்மா என்று நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. செக்போஸ்ட்டில் நின்ற அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றி இத்தனை வருடத்தில் யாரும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதே இல்லை என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. கேட்டிருந்தால் ஒரு பள்ளிக்கூடக் கட்டுரை உங்களை இப்படி உலுக்கியிருக்காது.

வெளியூர் வாசகர்களுக்காக இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். மார்த்தாண்டத்திலிருந்து பாறசாலை பஸ்ஸில் அரை மணி நேரம் போலத்தான். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் நம் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. பக்கத்து நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது, பாறசாலையும் அதோடு நின்றது. கோடு போட்டார்களே தவிர, பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு அந்தப் பக்கம் பிறந்த வீட்டை வைத்திருக்கிற பெண்கள் விளவங்கோட்டில் ஊருக்கு ஊர் உண்டு. மத்தியானம் குழம்பு வைத்துவிட்டுப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு, இருட்டுமுன் திரும்பி வந்துவிடுவார்கள். அது இரண்டு மாநிலம் என்பதே அவர்கள் நினைப்பில் இருந்ததில்லை. 2020 மார்ச் 25க்குப் பிறகுதான் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிந்தது. அம்மா இறந்துகிடக்கிற வீட்டுக்கு அரை மணி நேரத் தூரத்தில் நின்றுகொண்டு போக முடியாமல் போவது என்றால் அது சாதாரண வேதனை இல்லை. நீங்கள் துபாயிலோ சென்னையிலோ இருந்திருந்தால்கூட மனம் ஒருவழியாக ஒப்புக்கொண்டிருக்கும்.

இப்போது மகளின் பக்கத்துக்கு வருகிறேன். அப்போது அவளுக்கு எட்டு வயது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குப் பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. கிட்டத்தட்ட 19 மாதம் அவள் வீட்டில் இருந்திருக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது அதுவரை வாழ்ந்த வாழ்வில் ஐந்தில் ஒரு பங்கு. நமக்கு அது இடையில் வந்துபோன கெட்ட காலம். அவளுக்கு அதுதான் பால்யம். அதை எழுதாமல் வேறு எதை எழுதுவாள்?

அப்பாவின் விஷயம் இன்னும் பெரியது. நம் மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு அப்பா என்பவர் போனில் வருகிற முகம்! இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 45 நாள் வருவார். முதல் வாரம் பிள்ளைக்குக் கூச்சம், கடைசி வாரம் அழுகை. நடுவில் மிஞ்சுவது ஒரு மாதம். உங்கள் மகளுக்கு அந்த வருடம் அப்பா திரும்பிப் போகவில்லை. பெட்டி கட்டவில்லை, விமான நிலையத்துக்கு வண்டி வரவில்லை. அதே நேரத்தில் ஈரானில் மீன்பிடிக்கப் போய் மாட்டிக்கொண்டவர்களில் நம் கடற்கரை ஊர்க்காரர்கள் நிறைய. 2020 ஜூலை 1 அன்று கடற்படையின் ஜலஷ்வா கப்பல் ஈரானிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. அந்தக் கப்பல் வருகிற வரைக்கும் அவர்கள் வீடுகளில் பிள்ளைகள் எப்படி இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் மகளின் அப்பா பக்கத்திலேயே இருந்தார்.

அவர் பால் வெட்டப் போன காலையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். உங்களுக்கு அது, வெளிநாட்டில் சம்பாதித்த மனிதர் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு விடிவதற்கு முன்னால் அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போன காலை. அவர் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கும்போது நீங்கள் அடுக்களையில் நின்று பார்த்திருப்பீர்கள், ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அவளுக்கோ, இருட்டில் அப்பாவின் வெளிச்சத்துக்குப் பின்னால் நடந்த காலை. பட்டையில் சரிவாகக் கத்தி இறங்குவதும், வெள்ளைக் கோடாகப் பால் வழிந்து சிரட்டையில் சொட்டுவதும், முந்தின நாள் வெட்டில் காய்ந்துகிடந்த ஒட்டுப்பாலை உரித்து உருட்டியதும் அவளுக்கு வேடிக்கை. பந்து செய்யக் கற்றுக் கொடுத்தது அவர்தானே? வேலை போன கவலையோடு மரத்துக்கு மரம் நடந்த மனிதர், பின்னால் வருகிற பிள்ளைக்காக நின்று பந்து உருட்டியிருக்கிறார். நீங்கள் கிழித்த தாளில் அதுவும் இருந்தது. உங்கள் கணவருக்கு அதைப் படிக்கக் கிடைத்ததா என்று கடிதத்தில் இல்லை. கிடைத்திருக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் புறவாசல் வரி. நீங்கள் அதை எனக்கு அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், அதனால் அது உங்களை உறுத்துகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அவள் முன்னால் அழவே இல்லை என்கிறீர்கள். அவள் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். போனோடு போவதையும் திரும்பி வந்து இறுகக் கட்டிக்கொள்வதையும் ஐந்து வருடத்துக்கும் மேலாக மறக்காமல் வைத்திருக்கிறாள். அது என்ன என்று யாரும் சொல்லாததால், கிடைத்த முத்தத்தைச் சந்தோஷத்தோடு சேர்த்து வைத்துவிட்டாள். பாட்டி இறந்ததில் அவளுக்கு மகிழ்ச்சி இல்லை, சகோதரி. பாட்டியின் சாவை அவள் கண்ணில் படாமல் வைத்தது நீங்கள். அந்த வயதில் அது சரியாகவும் இருந்திருக்கலாம். மறைத்து வைத்ததை அவளே தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று இப்போது கோபப்படுவதுதான் நியாயமில்லை.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2021 மே மாதம் என் அக்கா கொரோனாவில் போய்விட்டாள். அடக்கத்துக்கு 20 பேருக்கு மேல் கூடாது என்ற நேரம். நான் முகம் பார்க்கவில்லை. பொதிந்து கட்டிய ஒன்றைத் தூரத்திலிருந்து பார்த்தேன், அது அக்காதான் என்று சொன்னார்கள், நம்பினேன். அதே வருடம் முழுக்க, பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மேல்மாடியில் உட்கார்ந்து வேலை பார்த்தான். காலேஜுக்குப் போன நாளிலிருந்து அவன் அத்தனை நாள் தொடர்ந்து என் கையால் சாப்பிட்டதில்லை. மத்தியானம் மாடிப்படியில் அவன் இறங்கிவரும் சத்தத்துக்கு நான் காத்திருப்பேன். சாளை மீன் குழம்பு வைத்த அன்று இரண்டு முறை சோறு வாங்குவான். எனக்கு அது பெரிய சந்தோஷம். அதை யாரிடமும் சொல்லவில்லை. அக்கா போன வருடத்தைப் பற்றி அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. மகனிடம்கூட போன வருடம்தான் சொன்னேன், பயந்துகொண்டேதான் சொன்னேன். "எனக்கும் அப்படித்தான் இருந்தது அம்மா, பெரியம்மாவை நினைத்துச் சொல்லாமல் இருந்தேன்" என்றான். நான்கு வருடம் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறோம். உங்கள் மகள் மறைக்காமல் எழுதினாள். அவளுக்கு இருந்த தைரியம் எனக்கு இருக்கவில்லை.

சரி, இனி என்ன செய்வது? முதலில் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். "மக்களே, நான் கிழித்திருக்கக் கூடாது" என்பதோடு நிறுத்துங்கள். "ஆனால் நான் பட்டது உனக்கு…" என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்காதீர்கள். தொடங்கினால் மன்னிப்புக் கேட்டதாக அவள் எடுத்துக்கொள்ள மாட்டாள், இன்னொரு திட்டு என்றுதான் எடுத்துக்கொள்வாள். கட்டுரையை மறுபடி எழுதித் தரச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவளாக எழுதினால் எழுதட்டும். பாட்டியைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கச் சொல்லும் ஆசை உங்களுக்கு வரும். சொல்லாதீர்கள். மலருக்குக் கொடுக்கும் நாள் தாண்டியிருந்தால் ஆசிரியையிடம் நீங்களே போய், தாமதத்துக்குக் காரணம் நான்தான் என்று சொல்லுங்கள். அம்மா தனக்காகப் பள்ளிக்கூடம் வரை வந்து பழியை ஏற்றுக்கொண்டாள் என்பதை அவள் மறக்க மாட்டாள்.

உங்கள் கதையை அன்றைக்கே சொல்லிவிட வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும். அவளிடம் புரியவைக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, சொல்ல மட்டும் செய்யுங்கள். அந்த ஏப்ரலில் புறவாசலில் யாரோடு பேசினீர்கள், அண்ணன் போனில் என்ன சொன்னார், திரும்பி வந்து ஏன் அவளைக் கட்டிக்கொண்டீர்கள் என்று தொடங்குங்கள். அந்தக் காட்சியில் அவளும் இருந்தாள், அதனால் அவளுக்குப் பிடிபடும். சொல்லும்போது அழுகை வந்தால் அழுங்கள். பதினான்கு வயதுப் பெண் அம்மாவின் அழுகையைத் தாங்குவாள். சங்கிலி, கடன் கணக்கெல்லாம் இப்போது தேவையில்லை, அவள் கேட்டால் சொல்லலாம். கணவரின் வேலை போன விஷயத்தை மட்டும் அவரைக் கேட்காமல் சொல்லாதீர்கள். மகளின் கண்ணில் அந்தத் தோட்டம் எப்படி இருக்கிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு இருக்கும். அதைக் கலைப்பதா வேண்டாமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்களைப் பற்றியும் எனக்குக் கவலை இருக்கிறது. தூக்கம் கெடுவது, காரணமில்லாமல் கோபம் வருவது, அம்மா நினைப்பில் வேலை ஓடாமல் நின்றுபோவது, இதெல்லாம் உண்டென்றால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கம்தான். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. காரியம் பார்க்க முடியாமல் போன சாவு மனதில் ஆறாமல் கிடக்கும். அக்காவுக்குப் பிறகு எனக்கு வேறொருவர் உதவி தேவைப்பட்டது, அதனால்தான் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை பார்த்து மகளைக் கூட்டிக்கொண்டு பாறசாலைக்குக் கிளம்புங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறோம் என்று அண்ணன் வீட்டில் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். களியக்காவிளையில் இறங்கி, நீங்கள் நின்ற இடத்தை அவளுக்குக் காட்டுங்கள். எந்த ஓரத்தில் நின்றீர்கள், வெயிலா நிழலா, கையில் என்ன இருந்தது, என்ன ஞாபகம் இருக்கிறதோ சொல்லுங்கள். பிறகு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். அம்மாவை எரித்த இடத்தில் வழக்கப்படி தென்னம்பிள்ளை வைத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால் இந்நேரம் அது உங்கள் மகளின் உயரத்தைத் தாண்டியிருக்கும்.