துரைசாணியின் புரூச்சுக்கு 18,000 ரூபாவா?

கேள்வி: ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போயிருந்தபோது பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு புரூச் பார்த்தேன். வட்டமான வெள்ளிச் சட்டத்துக்குள் சிவப்பு, பச்சை, சாம்பல் நிறக் கற்களைத் துண்டு துண்டாகப் பதித்திருக்கிறார்கள். "1850இல் தேயிலைத் தோட்டத்துத் துரைசாணி போட்டது, பங்களா சாமான்" என்று சொல்லி 18,000 ரூபா கேட்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– ஹட்டன் வாசகி

பதில்: முதலில் கதையை ஒரு பக்கம் வையுங்கள். 1850இல் மலையகத்தில் தேயிலைத் துரையே கிடையாது. அது கோப்பிக் காலம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டது 1867இல்தான். கடைக்காரர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்றில்லை, அவருக்கு விற்றவர் அளந்த கதையாகவும் இருக்கலாம். எப்படியானாலும் கதைக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சாமான் வேறு விஷயம். நீங்கள் சொல்வதைக் கேட்டால் ஸ்கொட்லாந்துக் கல் புரூச் போலத் தெரிகிறது. அகேட், ஜாஸ்பர் போன்ற கற்களை மெல்லிய தகடாக அறுத்து வெள்ளியில் பதிப்பார்கள். 1852இல் விக்டோரியா ராணியின் குடும்பம் பல்மோரல் மாளிகையை வாங்கியபின் இந்த மோஸ்தர் பிரிட்டன் முழுக்கப் பரவியது. பர்மிங்ஹாம் பட்டறைகளும் போட்டி போட்டுச் செய்தன. டெய்லரே ஸ்கொட்லாந்துக்காரர். டன்சினன், ஹோலிரூட் என்று நம் தோட்டங்களுக்கு வாய்த்த பெயர்களும் அந்த நாட்டுப் பெயர்கள்தான். ஆகவே இப்படி ஒன்று இங்கே வந்து சேர்ந்திருப்பதில் வியப்பில்லை.

மறுபடி போகும்போது ஒரு லென்ஸ் கொண்டுபோய், புரூச்சைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தை யாரும் அழகாகச் செய்துவிடலாம், வயதைச் சொல்வது பின்பக்கம். விக்டோரியா காலத்துப் புரூச்சில் ஊசி மாட்டும் கொக்கி பூட்டு இல்லாமல் வெறும் வளைவாக இருக்கும். ஊசியின் நுனி பல நேரம் புரூச்சின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுழற்றிப் பூட்டுகிற கொக்கி 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. அது இருந்தால் சாமான் பிந்தியது, அல்லது யாரோ கொக்கியை மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதென்றால் அடியில் ஈயப் பற்று சாம்பல் நிறத்தில் குமிழாகத் தெரியும். அப்படிப் பழுது பார்த்ததற்கு விலையைத் தாராளமாகக் குறைத்துக் கேளுங்கள்.

அடுத்தது முத்திரை. நடக்கும் சிங்கம் இருந்தால் இங்கிலாந்தில் சோதித்த 92.5 சதவீத வெள்ளி. கூடவே நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம். பக்கத்தில் உள்ள தனி எழுத்து ஆண்டைக் குறிக்கும். எந்த வடிவச் சட்டத்துக்குள் எந்த எழுத்து என்ற அட்டவணையை இணையத்தில் தேடி ஒப்பிட்டால் ஆண்டே கிடைத்துவிடும். முத்திரை இல்லாவிட்டால் போலி என்று முடிவுகட்டாதீர்கள், இந்த வகைப் புரூச்சுகள் நிறையவே முத்திரை இல்லாமல் வந்தன. ஆனால் பின்னால் ‘மிரக்கிள்’ என்று பொறித்திருந்தால் அது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டனில் செய்த அலங்கார நகை, கல்லும் அநேகமாகக் கண்ணாடிதான். போட்டுக்கொள்ள அழகாக இருக்கும், 18,000 பெறாது.

கற்களை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நல்ல வேலையில் கல்லும் வெள்ளியும் ஒரே மட்டமாக ஓடும், நகம் தடுக்காது. ஒரு கல் விழுந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். அதே நிறத்தில், அதே தடிப்பில் தகடு அறுத்துத் தர இங்கே ஆள் கிடைப்பது கஷ்டம். எல்லாம் சரியாக இருந்தால் பேரம் பேசி வாங்குங்கள். பற்றுச்சீட்டில் ‘வெள்ளி’ என்ற சொல்லைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: பங்களாவில் ஆயாவாக இருந்த என் அம்மம்மாவுக்கு அங்கிருந்த துரைசாணி கொடுத்த கறுப்புப் புரூச் வீட்டில் இருக்கிறது. நகைக்கடையில் தராசில்கூட வைக்காமல் "இது ஒன்றுமில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உண்மையா?
– பண்டாரவளை வாசகர்

பதில்: தங்கம் இல்லாவிட்டால் நகைக்கடைக்கு ஒன்றுமில்லைதான். 1861இல் கணவர் அல்பர்ட் இறந்தபின் விக்டோரியா ராணி கறுப்பே உடுத்தினார். துக்க நகை அங்கே ஏற்கெனவே இருந்தது, அதன்பின் பெரிய வியாபாரமாகிவிட்டது. உங்களுடையது அந்த வகையாக இருக்கலாம். கையில் எடுத்ததும் குளிர்ந்து கனமாக இருந்தால் கறுப்புக் கண்ணாடி. லேசாக, குளிராமல் இருந்தால் இரண்டில் ஒன்று: இங்கிலாந்தின் விட்பி ஊருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த, மரம் புதைந்து இறுகிய ஜெட் என்ற கறுப்புக் கல், அல்லது வல்கனைட் என்ற கெட்டிப்படுத்திய ரப்பர். உள்ளங்கையில் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை வந்தால் வல்கனைட். அது வெயில் பட்டுப் பட்டுக் கபில நிறமாகவும் மாறும். மூன்றில் ஜெட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். சுடுநீரில் போட்டுக் கழுவாதீர்கள், ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கிறேன் என்பவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

அம்மம்மா அதை எப்போது, யாரிடம் வாங்கினார் என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். முதல் பதிலில் கதையைத் தள்ளச் சொன்னவள் இப்படிச் சொல்கிறாளே என்று பார்க்காதீர்கள். அது கடைக்காரர் சொன்ன கதை, இது வாங்கியவரின் வீட்டுக் கதை.

கேள்வி: கண்டியில் ‘சிலோன்’ என்று பொறித்த யானைப் புரூச் ஒன்றை வெள்ளி என்று சொல்லி விற்றார்கள். பத்தர் உரசிப் பார்த்துப் பித்தளை என்கிறார். கடையில் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள்.
– மாத்தளை வாசகி

பதில்: நாட்டின் பெயர் மாறியது 1972இல். அதனால் ‘சிலோன்’ என்பது வயதுக்கு ஒரு குறிப்பு, உலோகத்துக்குச் சாட்சி அல்ல. அந்த எழுத்தை இன்றைக்கும் யாரும் பொறிக்கலாம். பற்றுச்சீட்டு இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள், முறைப்பாட்டை எழுத்திலும் கொடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதுவரை பத்தரை இன்னொரு முறை உரச விடாமல், புரூச்சை இருந்தபடியே வைத்திருங்கள்.