வாசகர் கேள்விகள்: வலது மூளைக்குத் தனி வகுப்பு உண்டா?

வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களில் மூன்று, மூளையின் இரு பாதிகளைப் பற்றியே கேட்கின்றன. அவற்றுக்கு இந்த இதழில் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். படம் நன்றாக வரைவான், கணக்குதான் வருவதில்லை. எங்கள் பகுதியில் வகுப்பு நடத்தும் ஒருவர், இவன் ‘வலது மூளைப் பிள்ளை’ என்றும், பயிற்சி கொடுத்தால் இரண்டு பக்கமும் விழித்துக்கொள்ளும் என்றும் சொல்கிறார். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு சிறுமி புத்தகம் படித்ததையும் காட்டினார்கள். கட்டணம் பல ஆயிரம் ரூபாய். சேர்க்கலாமா, ஐயா?
*– வாசகி, வியாசர்பாடி*

சேர்க்க வேண்டாம், அம்மா. பணம் வீணாவது ஒருபுறம் இருக்கட்டும். ‘நான் வலது மூளைக்காரன், எனக்குக் கணக்கு வராது’ என்ற எண்ணம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மனத்தில் வேரூன்றிவிடுமே என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

பெருமூளை இரண்டு பாதிகளாக இருப்பது உண்மை. உடலின் வலப்பக்கத்தை இடப்பாதியும், இடப்பக்கத்தை வலப்பாதியும் இயக்குவதும் உண்மை. 1861இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, ‘டான்’ என்ற ஓசையைத் தவிர ஏறக்குறைய வேறெதுவும் பேச இயலாமல் இருந்து இறந்த ஒரு நோயாளியின் மூளையை ஆராய்ந்து, இடப்பாதியின் முன்பகுதி சிதைந்திருந்ததைக் கண்டார். வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்குப் பேச்சுத்திறன் பெரும்பாலும் இடப்பாதியைச் சார்ந்தது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. வகுப்பு நடத்துகிறவர்கள் இதுவரை உள்ள உண்மையை எடுத்துக்கொண்டு, அடுத்துள்ளதை விட்டுவிடுகிறார்கள்.

விடுபடுவது, இரு பாதிகளையும் இணைக்கும் பாலம். கார்ப்பஸ் கலோசம் எனப்படும் அந்தத் தடித்த பட்டையில் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் உள்ளன. உங்கள் தெருமுனையில் கேரம் ஆடும் பிள்ளைகளைப் பாருங்கள். ஆடுகிறவன் பலகையின் நடுவில் பார்வையை நிறுத்தியிருக்கும்போது, இடப்பக்கக் குழியருகே இருக்கும் காய் அவனுடைய மூளையின் வலப்பாதியில் பதிகிறது. ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் வலக்கை விரலுக்கோ கட்டளை இடப்பாதியிலிருந்து வரவேண்டும். அந்தப் பாலத்தின் வழியே செய்தி நொடிப்பொழுதில் கடந்து போவதால்தான் காய் குழிக்குள் விழுகிறது.

பாலம் அறுபட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய், ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குப் பரவாமல் தடுக்க, 1960களில் கலிபோர்னியாவில் சிலருக்கு இந்தப் பட்டையை அறுவை செய்து துண்டித்தார்கள். அவர்களை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. வெளிப்பார்வைக்கு அவர்கள் இயல்பாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் பார்வையின் இடப்பக்கம் ஒரு பொருளின் படத்தைக் கணநேரம் காட்டிக் கேட்டால், ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று வாய் சொல்லும்; இடக்கையோ திரைக்குப் பின்னால் துழாவி, அதே பொருளைச் சரியாக எடுத்துவிடும். அறுவைக்குப் பின் சில காலம், ஒரு கை போட்ட சட்டைப் பொத்தானை மறு கை கழற்றியதும் உண்டு.

ஸ்பெர்ரியின் மாணவர் மைக்கேல் கஸ்ஸானிகா செய்த ஒரு சோதனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பாலம் துண்டிக்கப்பட்ட ஓர் இளைஞருக்கு, இடப்பாதி மட்டும் காணும்படி கோழிக்காலையும், வலப்பாதி மட்டும் காணும்படி பனி மூடிய வீட்டையும் காட்டினார்கள். பிறகு படங்களில் பொருத்தமானதை எடுக்கச் சொன்னபோது, வலக்கை கோழியையும் இடக்கை பனியை அள்ளும் மண்வாரியையும் சுட்டின. மண்வாரி எதற்கு என்று கேட்டார்கள். பேசும் இடப்பாதிக்குப் பனியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அது தயங்காமல், கோழிக்கொட்டிலைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டும் என்று விடை சொல்லிற்று. அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அவர் அதை மனமார நம்பினார். நம் செயல்களுக்கு நாமே சொல்லிக்கொள்ளும் காரணங்களில் எத்தனை இப்படிப் பின்னால் தைக்கப்பட்டவையோ என்று எண்ண வைக்கிற சோதனை இது. இதிலிருந்து ‘வலப்பாதி கலைக்கு, இடப்பாதி கணக்குக்கு’ என்று பாகம் பிரித்ததுதான் தவறு. 2013இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 7 முதல் 29 வயதுக்கு உட்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களை அலசியபோது, ஒட்டுமொத்தமாக ஒரு பக்கத்தையே மிகுதியாகப் பயன்படுத்துகிறவர் என்று யாரையும் வகைப்படுத்த முடியவில்லை.

கண்கட்டு வித்தைக்கு வருகிறேன். அச்செழுத்தை விழிக்குள் ஒளி புகாமல் படிக்க உடலில் வேறு வழி கிடையாது. மூக்கின் ஓரத்து இடைவெளியே அதற்குப் போதும். அந்தச் சிறுமியைக் குறை சொல்லாதீர்கள். பெரியவர்கள் கைதட்டும்போது எந்தக் குழந்தைக்கும் உண்மையைச் சொல்லத் துணிவு வராது. உங்கள் மகனுக்குப் பின்னக் கணக்கைப் படமாக வரைந்து போடச் சொல்லிப் பாருங்கள். வரைகிற கைக்கு வடிவியல் அயலானது அன்று.

என் மாமனாருக்கு இரண்டு மாதங்களுக்கு முன் மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம் வந்தது. நினைவும் பேச்சும் நன்றாக இருக்கின்றன. ஆனால் இலையில் வலப்பாதிச் சோற்றை மட்டும் உண்டுவிட்டு, ‘பொரியல் வைக்கவே இல்லையே’ என்கிறார். இடப்பக்கம் நின்று ‘மாமா’ என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. வேண்டுமென்றே செய்கிறாரோ என்று வீட்டில் மனத்தாங்கல்.
*– வாசகி, இராயபுரம்*

இல்லை, அம்மா. அவர் மீது யாரும் கோபம் கொள்ளாதிருக்க இதை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். மூளையின் வலப்பாதி நம்மைச் சுற்றியுள்ள இரு பக்கங்களிலும் கவனத்தைச் செலுத்த வல்லது. இடப்பாதியோ பெரும்பாலும் வலப்பக்கத்தையே கவனிக்கும். ஆகையால் இடப்பாதி பழுதானால் வலப்பாதி ஓரளவு ஈடுகட்டும்; வலப்பாதி பழுதானால், இடப்பக்க உலகமே கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. அவருடைய கண்ணில் குறையில்லாவிட்டாலும், இடப்பக்கம் என ஒன்று இருப்பதே அவர் எண்ணத்தில் எழுவதில்லை. இத்தகையவர்களில் சிலர் முகத்தின் இடப்பாதியை மழிக்காமலேயே எழுந்துவிடுவார்கள். செயலிழந்த இடக்கை நன்றாகத்தான் இருக்கிறது என்று சாதிப்பவர்களும் உண்டு.

இலையை எப்போதும் அவர் வசதிக்குத் திருப்பிவைக்காமல், இலையின் இட ஓரத்தில் பளிச்சென்ற சிவப்புத் துண்டு ஒன்றை வைத்து, ‘சிவப்பு தெரியும் வரை பாருங்கள், மாமா’ என்று சொல்லுங்கள். செய்தித்தாளின் இட விளிம்பிலும் சிவப்புக் கோடு இட்டுக் கொடுக்கலாம். தெருவில் நடக்கும்போது ஒருவர் கட்டாயம் அவருடைய இடப்பக்கம் செல்ல வேண்டும். மீன்பாடி வண்டியும் ஆட்டோவும் அந்தப் பக்கமாக வந்தால் அவருக்குத் தெரியாது. இயன்முறை மருத்துவத்தை நிறுத்திவிடாதீர்கள். பலருக்கு மாதங்கள் செல்லச் செல்ல இந்தக் குறை குறைகிறது. இன்னொன்றையும் எல்லாரும் நினைவில் கொள்ளுங்கள்: வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரென்று தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

ஐந்து வயதுப் பேத்தி இடக்கையால் எழுதுகிறாள். வலக்கைக்கு மாற்றாவிட்டால் பேச்சும் படிப்பும் கெடும் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள்.
*– வாசகர், காசிமேடு*

கெடாது, ஐயா. பத்தில் ஒருவர் இடக்கையர்; அவர்களிலும் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்குப் பேச்சுத்திறன் மூளையின் இடப்பாதியைச் சார்ந்தே இருக்கிறது, மற்றவர்களுக்கு வலப்பாதியிலோ இரண்டிலுமோ இருந்தாலும் அது நோயன்று. வலக்கையால் உண்ணுவது நம் வீட்டு வழக்கம் என்பதால், அதை அன்பாகச் சொல்லிப் பழக்குவது உங்கள் விருப்பம். எழுதுகிற கையை மட்டும் கட்டவோ அடிக்கவோ வேண்டாம். நோட்டைச் சற்று வலப்பக்கம் சாய்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இடக்கைக்கென்றே செய்த கத்தரிக்கோல் கடைகளில் கிடைக்கிறது, அதில் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.