ரோட்டவேட்டரையும் கலப்பையையும் ஒரே ஆளாகச் சீக்கிரம் மாட்ட என்ன வழி?

நீங்கள் கேட்டிருப்பது இது: 45 ஹெச்பி டிராக்டர், ஒன்பது கொழு உள்ள கொத்துக் கலப்பை, ஆறடி ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்குவது), பார் (வரிசை மேடு) போடும் கலப்பை. மூன்றையும் மாற்றி மாற்றி மாட்ட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் இன்னொரு ஆளும் ஒரு கடப்பாரையும் தேவைப்படுகிறது. கருவியைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் குயிக் ஹிட்ச் வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா?

ஓரளவு தீரும். ஆனால் காசு போடாமலே முக்கால்வாசித் தொல்லையைக் குறைத்துவிடலாம் என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

எங்களுக்குப் பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் நிலம். மக்காச்சோளம், பருத்தி, கொஞ்சம் சின்ன வெங்காயம். சொந்தக் காட்டுக்கும் ஓட்டுகிறோம், வாடகைக்கும் போகிறோம். மானாவாரியில் மழை பெய்து ஏர் ஓடும் பதம் வந்துவிட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். இன்றைக்குப் பதமாக இருக்கும் மண் நாளைக்குக் கட்டியாகிவிடும். காலையில் ஒருவர் காட்டில் கொத்துக் கலப்பை, மதியம் இன்னொருவர் காட்டில் ரோட்டவேட்டர் என்று போகும்போது, மாட்டுவதற்கு அரை மணி நேரம் போனால் அது ஒருவருடைய விதைப்பைத் தள்ளிப்போடும். அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை அதிகம்.

மாட்டுவது கஷ்டமாவதற்குக் காரணம் பெரும்பாலும் போன முறை கழற்றிய விதம்தான். வேலை முடிந்த களைப்பில் களத்து ஓரம் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே இறக்கிவிட்டு வந்துவிடுகிறோம். அடுத்த மழையில் ரோட்டவேட்டரின் கத்திகள் ஒரு பக்கம் மட்டும் மண்ணில் இறங்கிவிடும். ஆறடி ரோட்டவேட்டர் 400 கிலோவை ஒட்டி இருக்கும். அது ஒருமுறை சாய்ந்து உட்கார்ந்துவிட்டால், வண்டியின் கைகளில் கோர்க்க வேண்டிய இடது பின் (இரும்பு முளை) ஒரு உயரத்திலும் வலது பின் வேறு உயரத்திலும் நிற்கும். அதைக் கடப்பாரை போட்டு நெம்பத்தான் இரண்டாவது ஆள் வேண்டியிருக்கிறது. நேராக நின்றிருந்தால் ஆளே வேண்டாம்.

எனவே முதல் வேலை இடம். மூன்று கருவிக்கும் சேர்த்து ஒரு சிமெண்ட் தளம் போட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் பழைய பனங்கட்டைகள் போதும். இரண்டு கட்டையை இணையாகப் போட்டு மட்டம் பார்த்துப் பதித்துவிட்டு, கொத்துக் கலப்பையின் கொழு முனைகள் எல்லாம் அதன்மேல் உட்காரும்படி இறக்குங்கள். ரோட்டவேட்டருக்கு வாங்கும்போதே ஒரு கால் கொடுத்திருப்பார்கள். இடைஞ்சல் என்று பலரும் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். தேடி எடுத்து மாட்டுங்கள். அந்தக் கால் முன்பக்கத்தைத் தாங்கினால்தான் டாப் லிங்க்கை (கருவியின் மேல்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் தண்டு) கழற்றிய பிறகும் ரோட்டவேட்டர் குப்புறச் சாயாமல் நிற்கும். கருவிகளுக்கு நடுவே தாராளமாக இடைவெளி விடுங்கள். வண்டி வளைந்து வந்து கடைசி நொடியில் நேராக்கும்படி இருந்தால் எந்த ஹிட்ச் வாங்கினாலும் சிரமம்தான். நேர்கோட்டில் பின்னால் வர ஒரு வண்டி நீளமாவது முன்னால் காலியாக இருக்க வேண்டும்.

தளம் சிமெண்டாக இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. வெல்டிங் பட்டறையில் கனமான ஆங்கிளில் ஒரு சட்டம் அடித்து, நான்கு மூலையிலும் பாரம் தாங்கும் இரும்புச் சக்கரம் வைத்து, கருவியை அதன்மேலேயே இறக்கி வையுங்கள். வண்டி இரண்டு அங்குலம் தள்ளி நின்றுவிட்டால் திரும்ப ஏறி உட்கார வேண்டியதில்லை, கருவியைக் கையால் தள்ளிச் சேர்த்துக்கொள்ளலாம். மண் தரையில் இது நகராது.

அப்புறம் லீவர். சீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு லீவர் இருக்கும், ஒன்று பொசிஷன் கண்ட்ரோல், மற்றது டிராஃப்ட் கண்ட்ரோல். மாட்டும்போது தொட வேண்டியது பொசிஷன் லீவரை மட்டும்தான். டிராஃப்ட் லீவர் மண்ணின் இழுவையைப் பார்த்து ஏற்றி இறக்குவதற்கானது. இழுவையே இல்லாத நேரத்தில் அதைத் தொட்டால் கருவியைத் தூக்கும் கைகள் ஒரேயடியாக மேலே போகும் அல்லது கீழே விழும், அரை அங்குலம் மட்டும் தூக்கு என்றால் கேட்காது. பொசிஷன் லீவரில் விரல் அகலத்துக்கு நகர்த்தினால் அந்த அளவுக்குத்தான் கை நகரும்.

பின்னால் வருவதற்கு முன்பே, கைகள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் இரண்டு பக்கச் செயினையும் தளர்த்திவிடுங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. செயின் இறுக்கமாக இருந்தால் லோயர் லிங்க் எனும் அந்தக் கீழ்க் கைகள் இரண்டும் ஒரே இடத்தில் விறைத்து நிற்கும், வண்டியை மில்லிமீட்டர் கணக்கில் நேராக நிறுத்த வேண்டிவரும். தளர்த்திவிட்டால் ஒவ்வொரு கையையும் பக்கவாட்டில் இழுத்துப் பின்னில் கோர்க்கலாம். மாட்டி முடித்ததும் ரோட்டவேட்டருக்கு நன்றாக இறுக்கிவிடுங்கள், ஆடக்கூடாது.

மாட்டும் வரிசை எப்போதும் இடது, வலது, கடைசியில் டாப் லிங்க். இதற்குக் காரணம் இருக்கிறது. இடது கையைத் தூக்கும் தண்டு பெரும்பாலான வண்டிகளில் நீளம் மாறாதது. அதனால் இடது கை முனையில் உள்ள ஓட்டை போட்ட பந்து, கருவியின் பின்னுக்கு நேரே வரும்வரை வண்டியையும் பொசிஷன் லீவரையும் வைத்தே சரிசெய்ய வேண்டும். வலது பக்கத் தண்டில் கைப்பிடி போட்டுச் சுற்றும் லெவலிங் பாக்ஸ் உண்டு. இடதை மாட்டியபின் வலது உயரம் சரியில்லை என்றால் அந்தக் கைப்பிடியைச் சுற்றினால் போதும். வலதை முதலில் மாட்டிவிட்டால் இடதைச் சரிசெய்ய உங்களிடம் எதுவும் இருக்காது. அந்த நேரத்தில்தான் கடப்பாரை தேடுவோம். கழற்றும்போது இதே வரிசை தலைகீழ்: பிடிஓ ஷாஃப்ட் (இன்ஜின் சுழற்சியை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் தண்டு), டாப் லிங்க், வலது, இடது.

இரண்டு கீழ்க் கையும் ஒரு டாப் லிங்க்கும் சேர்ந்த இந்த மூன்று புள்ளி இணைப்பை அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் 1920-களில் காப்புரிமை வாங்கி, 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டரில் பெரிய அளவில் கொண்டுவந்தார். அதற்கு முன் கலப்பையை வண்டிக்குப் பின்னால் சும்மா இழுத்துக்கொண்டு போவார்கள். கலப்பை பாறையில் மாட்டினால் வண்டியின் முன்பக்கம் தூக்கிக் கவிழ்ந்துவிடும். அந்த ஆபத்தைக் குறைத்ததோடு, ஓட்டுபவர் தனியாகவே கருவியை மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அந்த அமைப்பின் பலம். மேசி ஃபெர்குசன் என்று நம் ஊரில் ஓடும் வண்டியில் இருப்பதும் அவர் பெயர்தான். அதனால் ஒரே ஆள் மாட்டுவது பெரிய வித்தை இல்லை, இந்த அமைப்பு அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். நம் வண்டியில் அப்படி நடக்கவில்லை என்றால் பந்து துருப்பிடித்துத் திரும்பாமல் இருக்கிறதா, பின் வளைந்திருக்கிறதா, வலது லெவலிங் பாக்ஸ் கிரீஸ் இல்லாமல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

டாப் லிங்க்கில் ஒரு சின்ன ஏற்பாடு செய்தால் நிறைய நேரம் மிச்சமாகும். ஒவ்வொரு கருவியும் நிலத்தில் சரியாக ஓடும்போது டாப் லிங்க் எவ்வளவு நீளத்தில் இருக்கிறது என்று பார்த்து, திருகுமரையில் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். கொத்துக் கலப்பைக்கு மஞ்சள், ரோட்டவேட்டருக்குச் சிவப்பு, பார் கலப்பைக்கு வெள்ளை. அடுத்த முறை அந்த நிறம் வரும்வரை சுற்றி மாட்டிவிட்டால், காட்டில் போய் இறங்கி இறங்கி ஏறிச் சரிபார்க்கும் வேலை இல்லை. வசதி இருந்தால் ரோட்டவேட்டருக்கு மட்டும் தனி டாப் லிங்க் வாங்கி அதிலேயே விட்டுவிடலாம்.

எல்லாவற்றையும்விட எரிச்சல் தருவது பிடிஓ ஷாஃப்ட். கழற்றியதும் அதை மண்ணில் போடாதீர்கள். ரோட்டவேட்டரின் மேல்சட்டத்தில் ஒரு கொக்கி வெல்டு செய்து அதில் தூக்கி வையுங்கள். மண் ஏறிய முனை வண்டியின் ஆறு பல் தண்டில் ஏறாது, சுத்தியலால் அடித்து ஏற்றினால் பல் கெடும். முனையில் இருக்கும் அமுக்கும் பின் துருப்பிடித்து இறுகிவிடுவதுதான் வழக்கமான நோய். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் துணியால் துடைத்து, பின்னில் இரண்டு சொட்டு எண்ணெய், பல்லில் கொஞ்சம் கிரீஸ். பற்களைப் பொருத்தும்போது கத்திகள் தரையில் ஊன்றியிருப்பதால் ரோட்டவேட்டர் பக்கம் திரும்பாது. இன்ஜினை நிறுத்தி, பிடிஓ லீவரை நியூட்ரலில் விட்டால் வண்டிப் பக்கத் தண்டைக் கையால் திருப்பலாம், லேசாகத் திருப்பிக்கொண்டே தள்ளினால் ஏறிக்கொள்ளும். ஏறியதும் அந்த அமுக்கும் பின் வெளியே துள்ளி வந்ததா என்று பார்த்து, ஷாஃப்ட்டைப் பின்பக்கமாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பிடிஓவின் வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. சரியாகப் பூட்டாத ஷாஃப்ட் அந்த வேகத்தில் கழன்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையைத் தயவுசெய்து கழற்றி எறியாதீர்கள். வேட்டி, துண்டு, சேலை எது பட்டாலும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

சரி, இனி காசு போடுகிற விஷயம். என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது நீளும் முனை கொண்ட லோயர் லிங்க். ஒரு கொக்கியைத் தட்டினால் முனை சில அங்குலம் வெளியே வரும். இரண்டு பக்கமும் இழுத்துப் பின்னில் மாட்டிவிட்டு, மேலே ஏறி மெதுவாகப் பின்னால் வந்தால் தானாக உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். கருவியில் எந்த மாற்றமும் செய்ய வேண்டாம், வாடகைக்கு வாங்கும் கருவிக்கும் ஒத்துவரும். சில புதிய மாடல்களில் கம்பெனியிலிருந்தே வருகிறது. உங்கள் மாடலுக்கு முழு லிங்க்காகக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். பழைய லிங்க்கை அறுத்து முனையை வெல்டு செய்து தருகிறேன் என்று பட்டறையில் சொன்னால் வேண்டாம். மொத்தக் கருவியும் அந்த ஒட்டில்தான் தொங்கும்.

அடுத்தது முக்கோணச் சட்டம். வண்டியின் மூன்று புள்ளியிலும் ஒரு முக்கோணம் நிரந்தரமாக மாட்டியிருக்கும், கருவியில் அதற்குப் பொருந்தும் இன்னொரு முக்கோணம். பின்னால் வந்து தூக்கினால் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும், கழற்ற ஒரு கயிற்றை இழுத்தால் போதும். ஜப்பானில் சின்ன டிராக்டர்களில் பிடிஓவும் சேர்ந்தே மாட்டிக்கொள்ளும் வகைகூட உண்டு. மூன்று கொக்கி வைத்த சட்டம் இன்னொரு வகை, அது அமெரிக்காவில் அதிகம். இரண்டுமே வேகமானவை. ஆனால் இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சட்டத்தின் தடிமன் அளவுக்கு, கருவி நான்கைந்து அங்குலமாவது பின்னால் தள்ளிப்போகும். 400 கிலோ ரோட்டவேட்டர் அவ்வளவு பின்னால் போனால் வரப்பு ஏறும்போது முன்சக்கரம் லேசாகிவிடும், முன்னால் பாரக்கல் கூடுதலாக மாட்ட வேண்டும். பிடிஓ ஷாஃப்ட்டும் அந்த அளவுக்கு எட்டாமல் போகலாம். உள்குழாயும் வெளிக்குழாயும் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும், இல்லையென்றால் தூக்கும்போது கழன்றுவிடும். கொக்கிச் சட்டத்துக்கு இன்னொரு சிக்கல், மேல் பின்னுக்கும் கீழ்ப் பின்னுக்கும் உள்ள உயரம் எல்லாக் கருவியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊர்ப் பட்டறைக் கலப்பைகளில் அது ஆளுக்கொரு அளவு.

ஆகவே தினமும் இரண்டு மூன்று முறை மாற்றுகிற வாடகை வண்டியாக இருந்து, எல்லாக் கருவியும் உங்களுடையதாகவே இருந்தால் முக்கோணச் சட்டம் போடுங்கள். பருவத்துக்குச் சில முறைதான் மாற்றுவீர்கள் என்றால் நீளும் லிங்க்கும் மட்டமான தளமும் போதும்.

எந்த ஹிட்ச் போட்டாலும், வண்டி பின்னால் வரும்போது வண்டிக்கும் கருவிக்கும் நடுவே ஆள் நிற்கக்கூடாது. நம் ஊரில் பையனை நடுவில் நிறுத்தி "வா, வா, இன்னும் கொஞ்சம்" என்று கை காட்டச் சொல்வது வழக்கமாகிவிட்டது. கிளட்ச்சில் கால் வழுக்கினால் அவனுக்குப் போக இடமில்லை. கை காட்ட ஆள் வேண்டுமென்றால் பக்கவாட்டில், சக்கரத்துக்கு வெளியே நிற்கட்டும். நீங்களும் நியூட்ரல் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு இறங்குங்கள். கீழே நின்றபடி கையை நீட்டி ஹைட்ராலிக் லீவரை இழுப்பதும் வேண்டாம்.

கடைக்குப் போகும் முன் அளந்து எழுதிக்கொள்ள வேண்டியவை: கீழ்ப் பின்னின் விட்டம் 22 மில்லிமீட்டரா 28-ஆ, மேல் பின் 19-ஆ 25-ஆ. சின்ன அளவு கேட்டகிரி 1, பெரிய அளவு கேட்டகிரி 2. உங்கள் 45 ஹெச்பி வண்டியில் 28 மில்லிமீட்டர் ஓட்டை இருந்து, கருவியில் 22 பின் இருந்தால் நடுவே புஷ் வேண்டும். புஷ் போடாமல் ஓட்டினால் ஆட்டம் கண்டு ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேயும். லாக் பின்களையும் சேர்த்து அரை டஜன் கூடுதலாக வாங்கிச் சங்கிலியில் கோர்த்துக் கருவியிலேயே கட்டிவிடுங்கள், அவசரத்தில் ஆணியும் கட்டுக்கம்பியும் தேட வேண்டியிருக்காது.