கைமாறும் இடத்தில் கவனம்: மருத்துவமனைத் தரம் – கேள்வி பதில்

மருத்துவமனைகளின் தரம், அவற்றுக்கு இடையிலான ஒருங்கிணைப்பு, மருத்துவப் பயிற்சி ஆகியவை பற்றி வாசகர்கள் கேட்டவற்றிலிருந்து சில.

கேள்வி: டியூட்டி மாறும்போது நோயாளிகளை ஒப்படைப்பதில் பாதி விஷயம் விட்டுப்போகிறது. எழுதிக் கொடுத்தால் போதுமா, வாயால் சொல்ல வேண்டுமா?
– வார்டு செவிலியர் ஒருவர்

பதில்: இரண்டும் வேண்டும். வாயால் சொன்னது இரவு 2 மணிக்கு நினைவுக்கு வராது. எழுதி மட்டும் வைத்தால் சந்தேகம் கேட்க ஆள் இருக்காது.

சொல்வதற்கு ஒரு வரிசை இருப்பது அவசியம். பயிற்சி மருத்துவர்களுக்காக உருவாக்கப்பட்ட ‘ஐ-பாஸ்’ முறையில் ஐந்து படிகள் உண்டு: நோய் எவ்வளவு தீவிரம், நோயாளியின் சுருக்கம், மீதமுள்ள வேலைகள், எது நடக்கலாம் – நடந்தால் என்ன செய்வது, கடைசியாகப் பொறுப்பேற்பவர் தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்வது. குழந்தைகள் நலப் பிரிவுகளில் 9 மருத்துவமனைகள் இதைச் செய்துபார்த்த முடிவு 2014-ல் வெளியானது. மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்திருந்தன. ‘இதற்கெல்லாம் நேரம் ஏது?’ என்பவர்களுக்கு அதே ஆய்வில் பதில் இருக்கிறது: ஒரு நோயாளிக்கு ஒப்படைப்பு நேரம் முன்பு 2.4 நிமிடம், பின்பு 2.5 நிமிடம்.

வழக்கமாகக் காதில் விழுவது இது: “12-ம் படுக்கை பரவாயில்லை, ஸ்டேபிள்தான். ஆன்டிபயாடிக் போகுது. லேப் ரிப்போர்ட் வந்தா பார்த்துக்கோங்க.” எந்த ரிப்போர்ட், எத்தனை மணிக்கு, என்ன வந்தால் பயப்பட வேண்டும் என்று எதுவுமே இதில் இல்லை. அதே நோயாளியை இப்படிச் சொல்லலாம்: “12-ம் படுக்கை, கண் வைத்திருக்க வேண்டியவர். 64 வயது, நிமோனியா, ஆன்டிபயாடிக் தொடங்கி இரண்டாம் நாள். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஆக்சிஜனில் ரத்த ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்தில் நிற்கிறது. மாலையில் அனுப்பிய பொட்டாசியம் ரிப்போர்ட் 9 மணிக்கு வரும். 6-க்கு மேல் இருந்தால் ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டே யூனிட் மருத்துவரைக் கூப்பிடுங்கள். 6 லிட்டர் கொடுத்தும் ஆக்சிஜன் 90-க்குக் கீழே போனால் ஐ.சி.யூ.வுக்குச் சொல்லிவிடுங்கள், அவர்களிடம் ஏற்கெனவே பேசியாயிற்று.” எந்த அளவில் யாரைக் கூப்பிடுவது என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவர் முன்கூட்டியே நிர்ணயித்திருக்க வேண்டும். இரவில் தனியாக இருப்பவர் தலையில் அந்த முடிவைக் கட்டக் கூடாது.

முதலில் விட்டுப்போவது நான்காவது படியும் ஐந்தாவது படியும்தான். திருப்பிச் சொல்வதைச் சிலர் தன்னைச் சோதிப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். மூத்தவர்களே முதலில் செய்துகாட்டினால் அந்தக் கூச்சம் போய்விடும். டாக்டர்களும் செவிலியர்களும் தனித்தனியே ஒப்படைப்பதைத் தவிர்க்க முடியாவிட்டால், தீவிர நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமாவது படுக்கையருகே சேர்ந்து செய்யுங்கள்.

கேள்வி: அறுவை அரங்கில் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் எல்லா கேஸிலும் நூறு சதவீதம் நிரப்பப்படுகிறது. ஆனால் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. இதனால் பயன் உண்டா?
– மயக்கவியல் முதுநிலை மாணவர்

பதில்: பேசாமல் டிக் அடித்த பட்டியல் கோப்பைத் தவிர வேறு யாரையும் காப்பாற்றாது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இருப்பது 19 அம்சங்கள். மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அரங்கை விட்டுப் போகும் முன் என மூன்று நிறுத்தங்கள். எட்டு நகரங்களில் 8 மருத்துவமனைகளில் அதைச் சோதித்து 2009-ல் வெளியிட்டபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாகவும் குறைந்திருந்தன. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகள் இதைக் கொண்டுவந்த பிறகு எடுத்த கணக்கில், 2014-ல், குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. பட்டியலைக் கொடுப்பது சுலபம், குழுவின் பழக்கத்தை மாற்றுவதுதான் கடினம் என்றே இந்த இரண்டையும் சேர்த்து நாங்கள் படிக்கிறோம்.

எங்கே பிசகுகிறது என்று பார்க்க அரங்கில் ஒருவர் நின்று பத்து அறுவைகளைக் கவனித்தாலே போதும். சர்ஜன் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது நிறுத்தத்தை ஒருவர் தனியாக நிரப்பியிருப்பார். மூன்றாவது நிறுத்தத்தின்போது பாதிப்பேர் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போயிருப்பார்கள். திருத்தமும் அங்கேயே இருக்கிறது. இரண்டாவது நிறுத்தம் முடியும் வரை ஸ்க்ரப் நர்ஸ் கத்தியைக் கையில் தருவதில்லை என்று தலைமை சர்ஜனே அறிவிக்கட்டும். மூன்றாவதைக் கடைசித் தையலுக்கு முன்பே, பஞ்சும் துணியும் எண்ணும் நேரத்தோடு சேர்த்துவிடுங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்றா என்று மட்டும் கேட்காமல் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பெரும்பாலான மருந்துகளுக்குக் கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் என்பதே கணக்கு. வார்டிலேயே போட்டு அனுப்பி, அறுவை மூன்று மணி நேரம் தள்ளிப்போனால் அந்த டோஸால் பயனில்லை.

கேள்வி: சிறிய மருத்துவமனையிலிருந்து பெரிய இடத்துக்கு அனுப்பும்போது ரெஃபரல் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? ‘மேல் சிகிச்சைக்காக’ என்று எழுதினால் திட்டு விழுகிறது.
– பொதுநல மருத்துவர்

பதில்: திட்டுவதில் நியாயம் இல்லாமலில்லை. ஏன் அனுப்புகிறீர்கள் என்பதைக் கேள்வியாகவே முதல் வரியில் எழுதுங்கள்: ‘உடனடி அறுவை தேவையா?’ ‘டயாலிசிஸ் தொடங்க வேண்டுமா?’ அடுத்து, உங்களிடம் வந்தபோது இருந்த நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, நினைவு நிலை, கிளம்பும்போது இருந்தவை. இந்த இரண்டு வரிசையும் அருகருகே இருந்தால், மோசமாகிறாரா தேறுகிறாரா என்பதை வாங்குபவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்.

மருந்தின் பெயர் மட்டும் போதாது. கடைசி டோஸ் கொடுத்த மணி வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, மார்ஃபின் வகை வலி நிவாரணி, வலிப்பு மருந்து ஆகியவற்றில் மணி தெரியாவிட்டால் அங்கே இன்னொரு டோஸ் ஏறிவிடும், அல்லது அவசர அறுவை தாமதமாகும். ஒவ்வாமை இல்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டால் கேட்கவே இல்லை என்றுதான் பொருள். ஸ்கேன் என்றால் ரிப்போர்ட் தாளோடு படங்களையும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் அதே ஸ்கேனை மறுபடி எடுப்பார்கள்.

கடிதத்துக்கு முன் தொலைபேசி. பேசியவர் பெயரையும் நேரத்தையும் கடிதத்தில் குறித்துவிடுங்கள். ‘சொல்லியிருந்தோம்’, ‘யாரும் சொல்லவில்லை’ என்ற வழக்கமான சண்டை அதிலேயே பாதி அடங்கும்.

பெரிய மருத்துவமனைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அனுப்பியவருக்குப் பதில் போவதே இல்லை. இறுதி நோயறிதல் என்ன, முதலிலேயே வேறு ஏதாவது செய்திருக்கலாமா என்று அரைப் பக்கம் எழுதினால் போதும். அதைவிட மலிவான தொடர்கல்வி கிடையாது. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் மருந்துகளைத் தொடர்வது, புதியது, அளவு மாற்றியது, நிறுத்தியது என்று நான்காகப் பிரித்து, மாற்றியதற்கும் நிறுத்தியதற்கும் காரணம் ஒரு வரி. இன்னும் வராத பரிசோதனை முடிவுகள் இருந்தால் எது, எப்போது வரும், யார் பார்த்துச் சொல்வார் என்று பெயர் போட்டு எழுத வேண்டும். திசுப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்த தாள், நோயாளி வீட்டுக்குப் போன பிறகு யார் கண்ணிலும் படாமல் கோப்பில் கிடப்பது இந்த ஒரு வரி இல்லாததால்தான்.

கேள்வி: எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே மென்பொருள் வந்தால் இந்தப் பிரச்சினைகள் தீருமா?

பதில்: தீராது. ஆள் அடையாளம் ஒன்றாக இருக்க வேண்டும், மருந்தின் மூலப்பெயர் ஒன்றாக இருக்க வேண்டும், அலகு ஒன்றாக இருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் வெவ்வேறு மென்பொருள்கள்கூட ஒத்துப்போகும். ரத்த சர்க்கரை ஓரிடத்தில் 6 என்றும் இன்னோரிடத்தில் 108 என்றும் வரும். இரண்டும் ஒரே அளவுதான், லிட்டருக்கு மில்லிமோல் ஒன்று, டெசிலிட்டருக்கு மில்லிகிராம் மற்றொன்று. அலகு எழுதாத எண்ணைக் கணினி வேகமாக அனுப்பினால், தவறும் வேகமாகப் போகும்.

கேள்வி: எங்கள் தரக்குழு மாதாமாதம் கூடுகிறது. சதவீதங்கள் வாசிக்கப்படுகின்றன, டீ வருகிறது, கலைகிறோம். எதுவும் மாறுவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– மருத்துவக் கண்காணிப்பாளர்

பதில்: முப்பது குறியீடுகளை வாசிப்பதை நிறுத்திவிட்டு, ஒன்றை எடுங்கள். மையச் சிரை கதீட்டர், அதாவது உடலின் பெரிய சிரைக்குள் செருகிவைக்கும் குழாய், வழியாக வரும் ரத்தத் தொற்று நல்ல தொடக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்கள் 2004 வாக்கில் இதைத்தான் எடுத்தன. செய்தவை ஐந்து: கை கழுவுதல், தலை முதல் கால் வரை மூடும் கிருமி நீக்கிய துணி, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோல் சுத்தம், தொடைச் சிரையை முடிந்தவரை தவிர்த்தல், தேவை முடிந்ததும் எடுத்துவிடுதல். 1000 கதீட்டர் நாளுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் கதீட்டர் இருந்தால் அது ஒரு கதீட்டர் நாள்) சராசரி 7.7 ஆக இருந்த தொற்று, ஒன்றரை ஆண்டுக்குள் 1.4-க்கு வந்தது. எல்லாச் சாமான்களும் ஒரே வண்டியில் இருந்ததும், படி தவறினால் செவிலியர் நிறுத்தலாம் என்ற அதிகாரமும் அந்த ஐந்துக்குத் துணை நின்றன. அந்த அதிகாரம் இல்லாத இடத்தில் சுவரில் போஸ்டர்தான் மிஞ்சும்.

கணக்கிடும் முறையில் கவனம் தேவை. ‘இந்த மாதம் 3 தொற்று’ என்பது தகவலே அல்ல. தினமும் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குக் கதீட்டர் இருக்கிறது என்று எண்ணிக் கூட்டுங்கள். 1500 கதீட்டர் நாளில் 3 என்றால், 1000-க்கு 2. படிகளைத் தனித்தனியாகக் காட்டாதீர்கள்: ஒவ்வொன்றும் 90 சதவீதம் என்றால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஐந்தும் சேர்ந்து முழுமையாகக் கிடைத்த நோயாளிகள் 59 சதவீதமாக மட்டுமே இருக்கலாம். மாத எண்களைக் கோடாக வரைந்து, நடுவெண்ணை (மீடியன்) குறியுங்கள். நடுவெண்ணுக்கு ஒரே பக்கத்தில் தொடர்ந்து 6 புள்ளிகள் விழுந்தால் உண்மையான மாற்றம். போன மாதத்தைவிட இந்த மாதம் கூடியது, குறைந்தது என்று விளக்கம் கேட்பது வெறும் அலைச்சல்.

மாற்றத்தை ஒரு வார்டில், ஒரு ஷிப்டில், ஐந்து நோயாளிகளிடம் முதலில் செய்துபாருங்கள். படிவம் புரியவில்லை என்றால் அன்றே திருத்தலாம். முன்னூறு பிரதி அச்சடித்த பிறகு யாரும் திருத்த மாட்டார்கள். கூடவே ஒரு எதிர்க்கணக்கும் வையுங்கள். தொற்று விகிதம் இறங்குகிறது, அதே சமயம் ஆய்வகத்துக்குப் போகும் ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி தேடும் பரிசோதனை) எண்ணிக்கையும் பாதியாகிவிட்டது என்றால், குறைந்தது தொற்று அல்ல, தேடுவதுதான்.

கேள்வி: பயிற்சி மருத்துவர் ஒருவர் ஒரு சிகிச்சை முறையைத் தனியாகச் செய்யலாம் என்பதை எப்படித் தீர்மானிப்பது? லாக் புத்தகத்தில் எத்தனை முறை செய்தார் என்ற எண்ணிக்கை இருக்கிறது.
– மருத்துவக் கல்லூரி ஆசிரியர்

பதில்: எண்ணிக்கை, வாய்ப்புக் கிடைத்தது என்பதற்குத்தான் சான்று. 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து வந்த ‘ஆஸ்கி’ என்ற செய்முறைத் தேர்வு ஒரு படி மேலே. ஆனால் அதுவும் தேர்வறையில் செய்துகாட்டுவதையே அளக்கும். இரவு டியூட்டியில், உறவினர்கள் சூழ நிற்கும்போது என்ன செய்கிறார் என்பதை வார்டில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு நெதர்லாந்தில் உருவான ‘ஒப்படைக்கத்தக்க பணி’ முறை உதவும். ஐந்து நிலைகள்: பார்க்க மட்டும், மூத்தவர் அருகில் நிற்கச் செய்யலாம், கூப்பிட்டால் உடனே வரும் தூரத்தில் மூத்தவர் இருக்கச் செய்யலாம், தனியாகச் செய்யலாம், மற்றவருக்குக் கற்றுத்தரலாம். முதுகுத் தண்டு நீர் எடுப்பது, டியூட்டி ஒப்படைப்பு, மோசமாகும் நோயாளியை அடையாளம் காண்பது என்று ஒவ்வொரு பணிக்கும் தனி நிலை. ஒன்றில் நான்காம் நிலையில் இருப்பவர் இன்னொன்றில் இரண்டாம் நிலையில் இருப்பது இயல்பு. நிலையை உயர்த்த ஒரே ஆசிரியரின் கையெழுத்தை நம்பாதீர்கள். வெவ்வேறு நாளில், வெவ்வேறு நோயாளிகளிடம் இரண்டு மூன்று பேராவது நேரில் பார்த்திருக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி உதவி கேட்கிறாரா என்பதையும் பாருங்கள். கை லாவகத்தைவிட அதற்கே நாங்கள் அதிக மதிப்பெண் தருவோம்.

பயிற்சியாளர்கள் பல மருத்துவமனைகளுக்குச் சுழற்சியில் போகும்போது இந்த நிலைப் பட்டியலும் கூடப் போக வேண்டும். போய்ச் சேரும் வார்டின் செவிலியர் கைக்கு அது கிடைக்காவிட்டால், ‘இவர் தனியாகச் செய்யலாமா?’ என்ற கேள்விக்குப் பயிற்சியாளரின் தைரியமே விடையாகிவிடும். தர மேம்பாட்டுப் பணிகளும் இப்படித்தான்: மாணவர் சுழற்சி முடிந்து போனதும் பணி நின்றுவிடும். அங்கேயே நிரந்தரமாக இருக்கும் ஒரு செவிலியரையோ ஆசிரியரையோ பொறுப்பாளராகப் போடாத திட்டத்தை அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: தவறு நடந்ததும் விசாரணைக் குழு ‘ஊழியர்களுக்கு மறுபயிற்சி’ என்று எழுதி முடித்துவிடுகிறது. அதற்கு மேல் என்ன செய்யலாம்?

பதில்: பயிற்சியும் சுற்றறிக்கையும் மிகப் பலவீனமான மருந்துகள். ஆள் மாறினால் அவற்றின் பலனும் போய்விடும். தவறு நடக்கவே முடியாதபடி பொருளை மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். அடர் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை மற்ற ஆம்பூல் என்று எண்ணி நேரடியாகச் சிரையில் ஏற்றியதால் இறப்புகள் நேர்ந்திருக்கின்றன. பொது வார்டு அலமாரியிலிருந்து அதை எடுத்துவிட்டு, கலந்த பாட்டிலாக மருந்தகம் அனுப்பினால் மாற்றிப் போட வழியே இல்லை. சிரை வழியாக மட்டுமே கொடுக்க வேண்டிய வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைத் தண்டுவட நீருக்குள் செலுத்தினால் பெரும்பாலும் உயிர் போய்விடும். அதை சிரிஞ்சில் தராமல் சிறிய டிரிப் பையில் தயாரித்து அனுப்பச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

விசாரணையில் முதலில் மணிவாரியாக நடந்ததை எழுதுங்கள். பிறகு ‘அந்த நேரத்தில் அது அவருக்கு ஏன் சரியென்று பட்டது?’ என்று கேளுங்கள். ஒரே மாதிரி லேபிள், அணைத்துவைத்த அலாரம், இரண்டு வார்டுக்கு ஒரே ஆள் என்று காரணங்கள் அப்போதுதான் வெளியே வரும். தெரிந்தே விதியை மீறியவருக்கு நடவடிக்கை வேறு, அது இருக்கட்டும். ஆனால் தானாக முன்வந்து சொன்ன செவிலியருக்கு மெமோ போன மருத்துவமனையில் அடுத்த மாதம் தவறுகள் பூஜ்யம் என்று ரிப்போர்ட் வரும். தரக்குழு அந்தப் பூஜ்யத்தைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.