தாய்க்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தா பிள்ளைக்கும் வருமா?

தங்கச்சி, ஏழாம் மாசத்துல ஹெபடைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்குற வைரஸ்) பாசிட்டிவ்னு வந்ததும் மாமியார் தனித் தட்டு, தனி டம்ளர் ஒதுக்கிட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க. படிச்சதும் மனசு வலிச்சுது. சோத்துல, தட்டுல இது பரவாது. ரத்தம், உடலுறவு வழியாவும், பிரசவத்துல தாய்கிட்ட இருந்து பிள்ளைக்கும்தான் பரவும். வீட்டுக்காரருக்கும் டெஸ்ட் எடுங்க.

கீழாநெல்லியை நம்பி நாளைக் கடத்திராதீங்க. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில காட்டி வைரஸ் அளவு பாருங்க. மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல இருந்தா வைரஸைக் குறைக்குற டெனோபோவிர் மாத்திரை தருவாங்க.

பிள்ளை பிறந்த 12 மணி நேரத்துக்குள்ள ஒரு தொடையில தடுப்பூசி, மறு தொடையில இம்யூனோகுளோபுலின் (உடனே பாதுகாப்பு தர்ற எதிர்ப்புப் புரத ஊசி). இதைப் பிரசவ நோட்டு முதல் பக்கத்துல இப்பவே சிவப்பு மையில எழுத வைங்க. நடுராத்திரி வலி வந்தா மருந்துக்கு அலையக் கூடாது. அப்புறம் 6, 10, 14 வாரத்து ஊசிகளை விட்டுராதீங்க. தாய்ப்பால் தாராளமா கொடுங்க.